பொருள்: மீன்தொட்டிக்கான மின்சுற்று – ‘கசிவுமுறிப்பான்’ பொருந்துமா?

வணக்கம்.

மீன்தொட்டி வைத்திருப்பவர்களுக்கு மின்பாதுகாப்புக் குறிப்புகளைத் தமிழில் எழுத உட்கார்ந்தால், மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.டி. என்ற கருவியிலேயே பேனா நின்றுவிடுகிறது. இதுவரை வந்த சொற்கள் மூன்று: ‘எஞ்சிய மின்னோட்டக் கருவி’, ‘புவிக்கசிவு முறிப்பான்’, ‘உயிர்காப்பான்’. மூன்றிலும் எனக்குத் தயக்கம் உண்டு. சொல்லுக்குப் போகுமுன் தொட்டிக்குள் நடப்பதைப் பார்த்துவிடலாம்.

கண்ணாடி ஹீட்டர் ஒன்று விரிசல் விடுகிறது. தண்ணீர் உள்ளே புகுந்து கம்பிச்சுருளைத் தொடுகிறது. தொட்டி கண்ணாடி, அடியில் இருப்பது உலர்ந்த மர ஸ்டாண்டு. மின்சாரம் தரைக்குப் போக வழியில்லை. மீன்கள் பாட்டுக்கு நீந்துகின்றன, ஃபில்டர் ஓடுகிறது, எதுவும் டிரிப் ஆகவில்லை. பாசி சுரண்ட நாம் கையை விடும்போதுதான் அதற்கு வழி கிடைக்கிறது, நம் உடம்பு வழியாக. சுவிட்ச் பெட்டியில் உள்ள 16 ஆம்பியர் எம்.சி.பி. (மின்னோட்டம் அளவுக்கு மிஞ்சினால் துண்டிக்கும் கருவி) இதைக் கண்டுகொள்ளாது. வயர் சூடேறி எரியாமல் காப்பதுதான் அதன் வேலை. உயிர் போக ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கே போதும்.

ஆர்.சி.டி. பார்ப்பது வேறு கணக்கு. ஃபேஸில் போன மின்னோட்டம் முழுவதும் நியூட்ரலில் திரும்பியதா என்று கவனித்துக்கொண்டே இருக்கும். வீட்டுக்கான வழக்கமான வகையில், 30 மில்லி ஆம்பியர் வழிதவறினால் 300 மில்லிநொடிக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும்.

இப்போது சொற்களுக்கு வருவோம். ‘எஞ்சிய’ என்றதும் தமிழ் வாசகருக்கு மீந்துபோனது என்றுதான் தோன்றும். இங்கே மீந்தது எதுவுமில்லை, குறைந்திருக்கிறது. ‘புவிக்கசிவு’ எர்த் வயர் இருந்தால்தான் கருவி வேலை செய்யும் என்ற எண்ணத்தைத் தருகிறது. எர்த் இருந்தால் நல்லதுதான்; ஹீட்டர் உடைந்த நொடியிலேயே, கை வைக்கும் முன்பே துண்டிக்க வாய்ப்பு உண்டு. ஆனால் எர்த் இல்லாவிட்டாலும் ஆர்.சி.டி. இயங்கும். ‘உயிர்காப்பான்’ கேட்க அழகு, ஆனால் ஆபத்து. ஒருவர் ஒரு கையில் ஃபேஸையும் மறுகையில் நியூட்ரலையும் பிடித்துக்கொண்டால், போனதெல்லாம் திரும்பிவிடுகிறது, கருவி அசையாது. அந்தப் பெயரை நம்பி, பிளக்கைப் பிடுங்காமல் ஒருவர் தொட்டிக்குள் கைவிட்டால் பழி நம் சொல்லுக்குத்தான் வரும்.

ஆகவே என் முன்மொழிவு ‘கசிவுமுறிப்பான்’. எம்.சி.பி.க்கு அதன் ஜோடியாக ‘மிகைமுறிப்பான்’. ஒன்று கசிவைப் பார்க்கிறது, மற்றது மிகையைப் பார்க்கிறது. “மிகைமுறிப்பான் இருக்கிறதே, போதாதா?” என்று கேட்பவருக்குப் பதில் அந்த இரண்டு பெயர்களிலேயே இருக்கிறது.

ஒரு சிக்கல் உண்டு. நாளிதழ்களில் தீவிபத்து என்றாலே ‘மின்கசிவு’ என்று எழுதிவிடுகிறோம். பல இடங்களில் அங்கே சொல்லவருவது ஷார்ட் சர்க்யூட்டை. இதனாலேயே ‘கசிவு’ வேண்டாம் என்று சிலர் சொல்லலாம். நான் இதை ஏற்கவில்லை. நல்ல சொல்லைத் தவறான இடத்திலிருந்து மீட்பதும் நம் வேலைதான். ஷார்ட் சர்க்யூட்டுக்குக் ‘குறுக்குச்சுற்று’ இருக்கிறது, அதையே எழுதுவோம்.

சொல் வாக்கியத்தில் உட்காருகிறதா என்று பார்க்கச் சில வரிகள் எழுதினேன்: “ஹீட்டருக்கு ஒரு கசிவுமுறிப்பான், ஃபில்டருக்கு வேறொன்று வையுங்கள். எல்லாம் ஒன்றிலேயே இருந்தால், இரவில் ஹீட்டர் பழுதாகிக் கசிவுமுறிப்பான் விழும்போது (டிரிப் ஆகும்போது) ஃபில்டரும் நின்று மீன்கள் மூச்சுத்திணறும். மாதம் ஒருமுறை சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். கசிவுமுறிப்பான் உடனே விழ வேண்டும்.” எனக்கு இடறவில்லை.

அப்புறம், வயரை பிளக் பாயிண்ட்டுக்குக் கீழே தொங்கவிட்டு மேலேற்றுகிறோமே, வயரில் வழியும் நீர் அந்த வளைவின் அடியிலேயே சொட்டிவிடுவதற்காக. அதற்கு ‘சொட்டுத்தொங்கல்’ போதும் என்று நினைக்கிறேன். எலக்ட்ரீஷியனிடம் “தொங்கல் விட்டு மாட்டுங்கள்” என்றால் புரிந்துவிடும்.

மிகையையும் கசிவையும் ஒரே கருவி பார்க்கும் வகையும் கிடைக்கிறது, ஆர்.சி.பி.ஓ. என்பார்கள். ‘மிகைகசிவு முறிப்பான்’ என்றால் மிகையான கசிவு என்று படிக்க இடமிருக்கிறது. ‘இருமுறிப்பான்’ என்றால் எந்த இரண்டு என்று தெரியவில்லை. இதற்கு யாரிடமாவது சொல் இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்