நான்கு மைக் திறந்தாலே குரல் குடத்துக்குள் போய்விடுகிறது

வணக்கம். பல்கலைக்கழகப் பொதுச் சொற்பொழிவுகளுக்கும் கலந்துரையாடல்களுக்கும் ஒலி பார்க்கும் தன்னார்வலர் நான். ஒருவர் மட்டும் பேசினால் சிக்கலே இல்லை. நான்கு பேர் மேசையில் உட்கார்ந்ததும் குரல் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் பதிவாகிறது. கேள்வி நேரத்தில் ஐந்தாவது மைக்கைத் திறந்தால் ஸ்பீக்கர் கீச்சிடுகிறது.

120 இருக்கை அரங்கு, பின்சுவர் கண்ணாடி. மேசையில் வளையும் கழுத்துள்ள நான்கு கூஸ்நெக் கண்டென்சர் மைக், 60 செ.மீ. இடைவெளி. எட்டு சேனல் அனலாக் மிக்சர், பேசாதவர்களின் மைக்கைத் தானாகவே குறைக்கும் ஆட்டோமிக்ஸ் வசதி கிடையாது. மூன்று மாதமாக ஐந்து நிகழ்ச்சிகளிலும் இதே கதை.

ஸ்பீக்கர்களை மேசைக்கு முன்னால் நகர்த்தினேன். கீச்சொலி குறைந்தது, குடம் போகவில்லை. 100 ஹெர்ட்ஸுக்குக் கீழான தாழ்ந்த ஒலிகளை வெட்டினேன், கேபிள் மாற்றினேன், பயனில்லை. மைக்குகளின் இடைவெளி, வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப்போல் மூன்று மடங்கு இருக்க வேண்டும் என்பதால் வாயிலிருந்து 20 செ.மீ.யில் வைத்தேன். பேச்சு சூடுபிடித்ததும் எல்லோரும் நாற்காலியில் சாய்ந்துவிடுகிறார்கள். தூரம் 50 ஆகிவிடுகிறது.

பேசாதவர்களின் மைக் ஒலியளவை மிக்சரில் கையாலேயே இறக்கியபோது குரல் தெளிந்தது. ஆனால் குறுக்கிட்டுப் பேசுபவரின் முதல் சொல் விழுந்துவிடுகிறது. சென்ற முறை ஒரு பேராசிரியை, "இல்லை, அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்" என்று மறுத்தார். பதிவில் அந்த "இல்லை" மட்டும் இல்லை. அவர் ஒப்புக்கொண்டதுபோல் கேட்கிறது. அதை வெளியிட எனக்கு மனம் வரவில்லை.

ஆட்டோமிக்சர் வாங்காமல், இதே அனலாக் மிக்சரில் நான்கு மைக்கையும் திறந்தே வைத்துத் தெளிவாகப் பதிவுசெய்ய வழி உண்டா?