புதுப்பிப்பு: மரக்கன்றுகளைக் கடித்த புள்ளிமான்களைத் தடுக்க முட்டைக் கரைசல்

கிண்டி தேசியப் பூங்காவை ஒட்டிய எங்கள் வளாகத்தில் நட்ட 12 நாவல், புங்கன் கன்றுகளின் கொழுந்துகளைப் புள்ளிமான்கள் இரவில் மேய்ந்துவிடுகின்றன, எதைத் தெளிப்பது என்று ஆகஸ்டில் கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பூண்டு மிளகாய்க் கரைசல் நான்கே நாள்தான் தாங்கியது. தொங்கவிட்ட சோப்புக் கட்டிகளைக் காகங்கள் தூக்கிக்கொண்டு போனதுதான் மிச்சம். பலித்தது முட்டைதான். லிட்டர் தண்ணீருக்கு இரண்டு முட்டையை அடித்துக் கலக்கி, துணியில் வடிகட்டி (இல்லாவிட்டால் தெளிப்பான் அடைத்துக்கொள்ளும், பட்டுத் தெரிந்துகொண்டேன்), இரண்டு நாள் மூடி வைத்துத் தெளித்தேன். காய்ந்ததும் நாற்றம் நமக்குத் தெரிவதில்லை. மானுக்குத் தெரிகிறது போலும்.

எதிர்பாராதது: தெருநாய்கள் தண்டை நக்க வந்தன. புதுத் துளிரில் மருந்து இருக்காது என்பதால் பத்து நாளுக்கு ஒருமுறையும், வடகிழக்குப் பருவமழையில் ஒவ்வொரு மழை விட்ட பிறகும் தெளிக்க வேண்டியிருக்கிறது. ஆண் மான்கள் கொம்பால் பட்டையை உரசுவதை எந்த நாற்றமும் தடுக்கவில்லை. மூன்று கன்றுகள் அதில் போய்விட்டன. மீதி ஒன்பதுக்கும் கம்பிவலை சுற்றிவிட்டேன்.