ஆடையில் ‘எல்’ என்பது யாருடைய அளவு? உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

திருப்பூரிலிருந்து ஓர் உறுப்பினர்:

ஏற்றுமதி ஆடைகளுக்குப் பேட்டர்ன் போடும் வேலையில் 18 ஆண்டுகளாக இருக்கிறேன். ஒவ்வொரு ஆர்டருடனும் பையர், அதாவது ஆடைகளை வாங்கும் வெளிநாட்டு வணிகர், ஓர் அளவு அட்டவணை அனுப்புவார். மார்புச் சுற்று, தோள் அகலம், கை நீளம் ஆகியவை எத்தனை சென்டிமீட்டர் இருக்க வேண்டும், எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் என்பது வரை அதில் எழுதியிருக்கும். ‘எம்’ என்றால் உலகம் முழுவதும் ஒரே அளவுதான் என்று தொடக்கத்தில் நம்பியிருந்தேன். அமெரிக்க ஆர்டர் ஒன்றும் ஜப்பானிய ஆர்டர் ஒன்றும் ஒரே வாரத்தில் மேசைக்கு வந்தபோது, இரண்டு ‘எம்’ சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்துப் பார்த்தேன்; சிறியது பெரியதற்குள் முழுவதுமாக அடங்கிவிட்டது.

பிறகு நாங்கள் உள்நாட்டுச் சந்தைக்கும் தைக்கத் தொடங்கினோம். கையில் இருந்த ஐரோப்பிய அட்டவணையையே முதலாளி பயன்படுத்தச் சொன்னார். மார்புக்குச் சரியாக இருந்த சட்டை பலருக்குக் கை நீண்டும் வயிற்றில் பிடித்தும் இருந்ததால் பாதிச் சரக்கு திரும்பி வந்தது. அதன்பின் கட்டிங், செக்கிங் பிரிவுகளில் இருந்தவர்களை நானே டேப் வைத்து அளந்து அட்டவணையைத் திருத்தினேன். ஒரு தொழிற்சாலைக்குள் எடுத்த அளவு நாட்டுக்கே பொருந்தாது என்பது எனக்குத் தெரியும்; ஆயினும் வேறு எதை நம்புவது? ஜவுளி அமைச்சகத்தின் ஆதரவுடன் நிஃப்ட் எனப்படும் தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனம் மேற்கொண்ட ‘இந்தியா சைஸ்’ திட்டம், 15 முதல் 65 வயது வரை உள்ள 25,000 பேரை ஆறு நகரங்களில் முப்பரிமாண ஸ்கேனரால் அளக்கத் திட்டமிட்டது. அத்தகைய அட்டவணைக்காகத்தான் காத்திருக்கிறேன்.

மதுரையிலிருந்து ஓர் உறுப்பினர்:

ஐயா, நீங்கள் அளந்தவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று கேட்கத் தோன்றுகிறது. நான் தையற்கடை வைத்திருக்கிறேன். தைப்பதைவிட, ரெடிமேட் குர்த்திகளைப் பிரித்துச் சரிசெய்யும் வேலைதான் இப்போது அதிகம். தோள் பொருந்தினால் இடுப்பு பிடிக்கிறது, இடுப்புக்கு ஏற்றதை எடுத்தால் கழுத்து இறங்குகிறது.

அளந்துவிட்டால் மட்டும் போதாது என்பதற்கு அமெரிக்காவே சாட்சி. அந்நாட்டு வேளாண் துறை 1939, 1940 ஆண்டுகளில் ஏறத்தாழ 15,000 பெண்களிடம் எடையையும் சேர்த்து 59 அளவுகள் எடுத்தது. ஆனால் வெள்ளையர் அல்லாத பெண்களின் அளவுகளை முடிவுகளில் சேர்க்கவில்லை. அந்தத் தரவை அடிப்படையாகக் கொண்டு 1958இல் வெளியான அளவுத் தரநிலை 1983இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. வாங்குபவர் மகிழட்டும் என்று பெரிய உடுப்புக்குச் சிறிய எண்ணை ஒட்டும் வழக்கமும் அங்கே வளர்ந்தது.

நம் ஊரில் ரெடிமேட் ரவிக்கை தைப்பவர்கள் வேறு வழி கண்டிருக்கிறார்கள். 36 என்று சீட்டு ஒட்டினாலும், பக்கத் தையலில் துணியை உள்ளே மடித்துக் கூடுதலாக விட்டுவிடுகிறார்கள், தேவைப்படுபவர் பிரித்துக்கொள்ளலாம். கைச் சுற்றில் மட்டும் பெரும்பாலோர் அப்படி விடுவதில்லை. என் கடைக்கு வரும் ரவிக்கைகளில் பெரும்பாலானவை அந்த இடத்துக்காகத்தான் வருகின்றன.

திருப்பூர் உறுப்பினர்:

பெண்கள் பதினோரு பேர்தான், அம்மா. மேல்கைச் சுற்றை நான் எடுக்கவே இல்லை.