வீட்டுல ஆமையும் இருக்கு, பூனையும் இருக்குன்னா உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க

ஓட்டுவீட்டுக்காரன்:
மூணு மாசம் ஆச்சு, இன்னும் உறுத்திக்கிட்டே இருக்கு, அதான் எழுதுறேன். ஹெர்மன் ஆமை ஒண்ணு, உள்ளங்கை சைஸ், கூட ரெண்டு பூனை. ஆமைத் தொட்டியில சூட்டு லைட்டு, அதுக்குக் கீழ தட்டைக்கல்லு, மண்ணு, அந்த செட்டப்லாம் உங்களுக்கே தெரியும். முந்தின ராத்திரி மூடி போட்டேன்னு தான் சத்தியமா நினைச்சேன். காலையில அரைத் தூக்கத்துல "சர்ர்ர்... சர்ர்ர்"னு ஒரு சத்தம், யாரோ கிண்ணத்தை சிமெண்ட் தரையில தேய்க்கிற மாதிரி. எந்திரிச்சுப் போய்ப் பாத்தா பூனைங்கள்ல சின்னவன் தொட்டிக்குள்ள சொகுசா உக்காந்திருக்கான், ஆமை லைட்டுக்கு நேர் கீழ கல்லு மேல மல்லாக்கக் கிடக்கு, இவன் ஒரு கைய அது ஓரத்துல வச்சு மெதுவா ஒரு சுத்து சுத்துறான், நிக்கிற வரைக்கும் பாக்குறான், திரும்ப ஒரு சுத்து. பம்பரம் கணக்கா. ஆமை கழுத்தை முழுசா வெளிய நீட்டி மண்டையக் கல்லுல ஊனிப் புரளப் பாக்குது, நாலு காலும் காத்துல நீந்துது. தூக்குனேன், அடிவயித்து ஓடு சுடுது. அந்த சூடு இன்னும் என் கையில இருக்கு.

டாக்டர் பாத்துட்டு ஒண்ணுமில்லன்னுட்டார், சாயங்காலமே தின்ன ஆரம்பிச்சிருச்சு. ஆனா எனக்குத் தோணுறது என்னன்னா அவன் ஆமையத் தேடி வரவே இல்ல, கல்லு சூட்டுக்குத் தான் வந்திருக்கான், வந்த இடத்துல ஆமை குறுக்க இருந்திருக்கு.

வாலைச்சுருட்டு:
ஐயோ பாவம். ஆனா எங்க வீட்டுல கதை அப்படியே தலைகீழ், எங்க பூனை தான் கேஸ் கொடுக்கணும். பெரிய செங்கால் ஆமை, ஹால்ல ராஜா மாதிரி உலாத்தும், பூனைக் கிண்ணத்துல சத்தம் கேட்டாப் போதும் வண்டி மாதிரி நேரா வந்து மோதும், "டங்"னு. பூனை கிண்ணத்தை விட்டுட்டு நாற்காலி மேல ஏறிடும். ஒருநாள் சோபாவுல படுத்து வாலைக் கீழ தொங்கவிட்டு ஆட்டிட்டு இருந்துச்சு, நம்மாளு நிதானமா வந்தார், நின்னார், கழுத்தைச் சாய்ச்சு ரொம்ப நேரம் பாத்தார், நான் போனை எடுக்கிறதுக்குள்ள நுனியக் கவ்விட்டார். பூனை போட்ட அலறல் இருக்கே! பல்லே இல்லாத வாய் தான், ஆனா அந்த அலகு புடிச்சா விடாது. நாலடி தூரம் ஆமையோட ஓடுச்சு. இன்னிக்கு வரைக்கும் வாலைச் சுருட்டி வயித்துக்கடியில வச்சிட்டுத் தான் உக்காரும்.

மெல்லமாப்போ:
சிரிச்சிட்டுப் போறது ஈஸி மேல உள்ளவங்களே. என் குட்டி ஆமைக்கு ஓடு கெட்டியாகுறதுக்கு முன்னாடியே ஓரத்துல பூனைப் பல்லு இறங்கிருச்சு, கடுகு சைஸ் ஓட்டை தான், நானும் "ஓடு தானே"ன்னு விட்டேன், ரெண்டாம் நாள் அந்த இடம் ஈரமா நாத்தம் அடிச்சுச்சு. அவ்ளோ தான் என் கதை.

இப்ப கேளுங்க. ஓடுன்னா நகம் மாதிரின்னு நினைக்காதீங்க, மேல தான் நகம் மாதிரி ஒரு உறை, கீழ உயிருள்ள எலும்பு, விலாவும் முதுகெலும்பும் அதோட ஒட்டி வளர்ந்தது, ரத்தம் ஓடுது, தொட்டா ஆமைக்குத் தெரியும். பூனை வாயில பாஸ்டுரெல்லா கிருமி சாதாரணமா இருக்கும், அதனால சின்னக் கடியா இருந்தாலும் சலைன்ல கழுவிட்டு அன்னிக்கே டாக்டர்ட்ட போங்க. மல்லாந்து கிடக்கிறது வேடிக்கை இல்ல, ஆமைக்கு நுரையீரல் முதுகு ஓட்டை ஒட்டி இருக்கு, மல்லாந்தா குடல், வயிறு பாரம் மொத்தமும் அது மேல, அதுவும் லைட்டுக்கடியிலன்னா வெந்துரும். பூனைக்குப் பயந்து கண்ணாடி மூடி போடாதீங்க, யூவிபின்னா ஆமைக்குத் தேவையான வெயில் கதிர், சாதாக் கண்ணாடி அதை விடாது, வெளிச்சம் வரும், சத்து வராது. பல்பு எரியுதேன்னு வருஷக்கணக்கா ஓட்டாதீங்க, நிறைய பல்புல 6-12 மாசத்துல யூவிபி இறங்கிரும். கிளிப் மாட்டுன லைட்டை பூனை ஒரு தட்டு தட்டினா மண்ணு மேல விழுந்து தீப்புடிக்கும், சங்கிலியில தொங்கவிடுங்க. தொட்டி மண்ணைப் பூனை கக்கூஸா நினைச்சுக்கும், ஆமை அதைத் திங்கும். ஆமையத் தொட்டா சோப்புப் போட்டுக் கை கழுவுங்க, சால்மொனெல்லான்னு வயித்தைக் கெடுக்கிற கிருமி இருக்கும். அப்புறம் பூனைச் சாப்பாட்டை ஆமை திங்கிறது, செங்கால் ஆமையாச்சும் கொஞ்சம் கறி திங்கிற ஜாதி, ஹெர்மன், சல்காட்டாலாம் புல்லு இலை திங்கிறது, அதுக்கு அந்த புரோட்டீன் கிட்னிக்கு ஆகாது.

சூட்டுக்குத் தான் வந்துச்சுங்கிறதையும் நான் ஒத்துக்க மாட்டேன். ஒரு கால் லேசா அசைஞ்சாப் போதும், பூனைக்கு அது எலி தான்.

வாலைச்சுருட்டு:
அண்ணா நான் கேக்கவே இல்லையே. எங்க ஆமை கிலோக்கணக்குல இருக்கு, எங்க பூனையால அதை அசைக்கக்கூட முடியாது. எல்லா வீடும் உங்க வீடு இல்ல.

மீசைக்காரி:
சூடு விஷயத்துல முதல்ல எழுதினவர் சொல்றது தான் சரின்னு எனக்குப் படுது. எங்க வீட்டுல வலை மூடி போட்டு, மேல யூவிபி டியூப் வச்சு, பத்திரம்னு நிம்மதியா இருந்தோம். கொஞ்ச நாள்ல ஆமை திங்கிறதை நிறுத்திருச்சு. குளிக்க வச்சோம், தீனிய மாத்துனோம், மலத்தைக் கூட டெஸ்ட் பண்ணியாச்சு. ஒருநாள் லீவு போட்டு வீட்டுல இருந்தப்ப தான் பாக்குறேன், நாங்க கிளம்பின உடனே எங்க பூனை வலை மேல ஏறி டியூப்புக்கும் பல்புக்கும் நடுவுல நீட்டிப் படுத்துக்கிறா. வலை தொட்டில் மாதிரி தொங்குது, வயித்து முடி கண்ணு கண்ணா கீழ பிதுங்கி நிக்குது, ஆமை அந்த நிழல்ல அவளை அண்ணாந்து பாத்துட்டு உக்காந்திருக்கு. 33 டிகிரி இருக்க வேண்டிய இடத்துல 24 காட்டுது. அவ அதைத் தொடக்கூட இல்ல, வெயிலை மட்டும் திருடிட்டா!

லைட்டைத் தொட்டிக்கு உள்ள இறக்கிட்டோம், பத்து நாள்ல ஆமை பழையபடி திங்க ஆரம்பிச்சிருச்சு. ஆனா அத்தனை நாள் அது பசியில்லாம உக்காந்திருந்ததுக்கு நான் டாக்டரைத் திட்டிட்டு இருந்தேன்.

ஓட்டுவீட்டுக்காரன்:
மெல்லமாப்போ ப்ரோ, நல்லதுக்குத் தான் சொல்றீங்க, நன்றி, ஆனா மூடி போடணும்னு எனக்கே தெரியும், போடல, அவ்ளோ தான். என்னைக் குடையிறது வேற. டைமர் ஏழு மணிக்கு லைட்டைப் போடும், நான் போறப்ப ஏழு இருபது. அந்த இருபது நிமிஷத்துல எவ்ளோ நேரம் அப்படிக் கிடந்துச்சுன்னு எனக்குத் தெரியாது, சத்தத்தைக் கனவுன்னு நினைச்சு ஒரு தடவை புரண்டு வேற படுத்தேன். இப்ப யாராச்சும் நாற்காலிய இழுத்தாக்கூட எழுந்து ஓடுறேன்.

மீசைக்காரி:
சின்னவன் இப்ப எப்படி? இன்னும் தொட்டிப் பக்கம் போறானா?

ஓட்டுவீட்டுக்காரன்:
போறதில்ல. அந்தக் கல்லை எடுத்து வெயில் விழுற ஜன்னலோரம் அவனுக்கே போட்டுட்டேன், பகல் முச்சூடும் அதுல தான் படுக்கை. ஆமைக்கு வேற கல்லு வாங்கணும், வெள்ளையா வழவழன்னு இல்லாம, சொரசொரன்னு, எதுவும் சுத்தாத மாதிரி.