யார் வழியில் வந்தது?

கெடிலக்கரை, திருப்பாதிரிப்புலியூர்

என் மகளுக்கு ஏழு வயதில் டைப் 1 சர்க்கரை வந்தது. இப்போது பதினொன்று. நாலு வருஷமாகக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன கேள்விதான் தலைப்பில் இருக்கிறது.

அந்த வாரம் ஸ்கூலுக்கு இரண்டு தண்ணீர் பாட்டில் கொண்டு போனாள். வெயில் காலம், சரி என்று விட்டுவிட்டேன். ராத்திரி படுக்கை நனைந்தது. எதையோ பார்த்துப் பயந்திருக்கிறாள் என்று மாமியார் தாயத்து கட்டினார். நாலாம் நாள் வாந்தி. பக்கத்தில் இருந்த கிளினிக்கில் வயிற்றுக் கோளாறு என்று சொல்லி குளுக்கோஸ் பாட்டில் ஏற்றினார்கள். விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். அரை பாட்டில் இறங்குவதற்குள் பிள்ளைக்கு மேல்மூச்சு வாங்கியது. முகத்தருகே குனிந்தால், பலாச்சுளையை மூடி வைத்து மறந்துபோனால் வருமே, அந்த வாடை. அங்கிருந்து ஆம்புலன்ஸில் புதுச்சேரிக்குப் போனோம். சர்க்கரை 540.

ஐசியூ வாசலில் மாமியார் கேட்டார்: "எங்க வம்சத்துல பிள்ளைங்களுக்குச் சர்க்கரை வந்ததே கிடையாது. உங்க வழியில யாருக்கு?" மாமனாருக்கு ஐம்பது வயதிலிருந்து சர்க்கரை மாத்திரை ஓடுகிறது. அது கணக்கில் வராதாம். நியாயமாகப் பார்த்தால் வராதுதான், அது வேறு நோய். அன்றைக்கு எனக்கு அது தெரியாது.

சிகிச்சை பார்த்த டாக்டரம்மா பொறுமைசாலி. மருந்துச் சீட்டின் பின்பக்கம் ஒரு தட்டு வரைந்தார். ஆறாவது குரோமோசோமில் எச்.எல்.ஏ. என்று ஒரு ஜீன் கூட்டம் இருக்கிறதாம். உடம்பின் காவல்காரச் செல்களுக்கு, 'இதோ பார், இது நம்மாளா அந்நியனா' என்று துண்டு துண்டாக நீட்டிக் காட்டும் தட்டு அதுதான். அதில் டிஆர்3, டிஆர்4 என்ற இரண்டு வகைத் தட்டுகளில் கணையத்துத் துண்டு வந்து உட்கார்ந்தால் காவல்காரர்கள் ஆளை மாற்றிப் புரிந்துகொண்டு, இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிட வாய்ப்பு அதிகம். அதுதான் டைப் 1. ஒன்று அப்பாவிடமிருந்தும் ஒன்று அம்மாவிடமிருந்தும் வரலாம். இரண்டும் இருந்தாலும் பெரும்பாலானவர்களுக்கு நோய் வருவதே இல்லை. டைப் 1 வந்த பிள்ளைகளில் நூற்றுக்கு எண்பத்தைந்துக்கும் மேல் குடும்பத்தில் வேறு யாருக்கும் டைப் 1 இல்லாதவர்கள்.

"அப்போ ரெண்டு வழியும்தானா?" என்று மாமியார் கேட்டார். "ரெண்டு வழியும் இல்லைன்னும் சொல்லலாம் பாட்டி" என்றார் டாக்டரம்மா. மாமியார் சமாதானமாகவில்லை.

இப்போது சொந்தக்காரர்கள் வாரம் ஒரு வீடியோ அனுப்புகிறார்கள். செல் மாற்றினால் ஊசி வேண்டாமாம், ஜீனைத் திருத்தினால் சரியாகிவிடுமாம். நேரில் பார்த்தவர்கள், பட்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள். மகளுக்கு ஒரு தம்பி இருக்கிறான், எட்டு வயது. அந்தக் கவலையும் இருக்கிறது.

முத்தியால்பேட்டை

அக்கா, நான் நேரில் பார்த்திருக்கிறேன். என் சித்தப்பா மகனுக்கு. அவர்கள் பிரெஞ்சு குடியுரிமைக் குடும்பம், அண்ணன் லில் நகரத்தில் இருக்கிறார். பன்னிரண்டு வயதிலிருந்து டைப் 1. நாற்பதைத் தாண்டியபோது 'லோ' ஆவதே, அதாவது சர்க்கரை ரொம்ப இறங்கிப்போவதே, அவருக்குத் தெரியாமல் போயிற்று. வியர்வை, நடுக்கம் எதுவும் கிடையாது. பேசிக்கொண்டே இருப்பார், அடுத்த நிமிஷம் தரையில் கிடப்பார். ஒருமுறை கார் ஓட்டும்போது அப்படி ஆகி, நல்லவேளை, சிக்னலில் நின்றிருந்தது. அதற்குப் பிறகுதான் அவருக்குத் திட்டு மாற்றம் செய்தார்கள்.

கணையத்துக்குள் இன்சுலின் சுரக்கும் லாங்கர்ஹான் திட்டுகள் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதேதான். பால் லாங்கர்ஹான்ஸ் 1869-இல் மைக்ராஸ்கோப்பில் பார்த்தது. நம் பிச்சாவரம் பக்கம் உப்பங்கழி நடுவே திட்டுத் திட்டாக மண் தெரியுமே, அப்படிக் கணையம் முழுக்க இறைந்து கிடக்கும். எண்ணிக்கை பத்து லட்சம் அளவில், ஆனால் எடை மொத்தக் கணையத்தில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான். மூளைச்சாவு அடைந்தவரின் கணையத்திலிருந்து அதை மட்டும் பிரித்து எடுக்கிறார்கள்.

பெரிய ஆபரேஷன் என்று நினைத்துப் பயந்தோம். அண்ணன் சொன்னதைக் கேட்டால் ரத்தம் ஏற்றுவது போலத்தான் இருக்கிறது. ஒரு பை, உள்ளே கலங்கலாக நீர், அடியில் மணல் மாதிரி படியும், நர்ஸ் பையை அசைத்துக்கொண்டே இருந்தாராம். அது கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாய் வழியாக இறங்குகிறது. கணையத்தில் வைப்பதில்லை. கல்லீரலிலேயே குடியேறி அங்கிருந்தே இன்சுலின் சுரக்கும். ஒரு கணையம் போதவில்லை, சில மாதம் கழித்து இன்னொருவருடையது. இரண்டாவதுக்குப் பிறகு ஊசி நின்றது.

இப்போது மறுபக்கம். போன பொங்கலுக்கு வந்திருந்தார். சாப்பாட்டு மேசையில் மாத்திரை டப்பாவைத் திறந்து வைத்தார், காலை எட்டு மணி என்றால் எட்டு மணிதான். உடம்பின் எதிர்ப்புசக்தியை அடக்கும் மாத்திரைகள். வாயெல்லாம் புண், அம்மா செய்த புளிக்குழம்பைத் தொட முடியவில்லை. கோயில் கூட்டத்துக்குள் வரமாட்டேன் என்று மணக்குள விநாயகரை வெளியிலிருந்தே கும்பிட்டார். சிறுநீரகத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். "குத்து போச்சு, மாத்திரை வந்துச்சு" என்று சிரிக்கிறார். ஐந்தாம் வருஷத்தில் கொஞ்சம் இன்சுலின் திரும்ப ஆரம்பித்தாயிற்று. ஆனால் அந்த லோ மட்டும் திரும்பவே இல்லை. அதற்காகவே மறுபடியும் செய்துகொள்வேன் என்கிறார்.

உங்கள் மகளுக்கு இதை இப்போது யாரும் சொல்லமாட்டார்கள் என்று நினைக்கிறேன். உயிருக்கே ஆபத்தாக லோ வரும் பெரியவர்களுக்கும், ஏற்கெனவே சிறுநீரகம் மாற்றி அந்த மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களுக்கும்தான் பெரும்பாலும் செய்கிறார்கள்.

நெல்லிக்குப்பம் டீச்சர்

ஊரில் சர்க்கரை ஆலை, வீட்டில் சர்க்கரை நோய் என்று எங்களைக் கேலி செய்வார்கள். எங்கள் கதை வேறு மாதிரி.

பேரன் பிறந்து ஐம்பதாவது நாள் சர்க்கரை 480. டைப் 1 என்று இன்சுலின் தொடங்கினார்கள். அரை யூனிட், கால் யூனிட் என்று அளக்க மகள் கை நடுங்கும். பிறகு ஒரு குழந்தை மருத்துவர், ஆறு மாத வயதுக்குள்ளேயே வரும் சர்க்கரை பெரும்பாலும் டைப் 1 ஆக இருக்காது, ஜீன் பரிசோதனை செய்யுங்கள் என்றார். குழந்தைக்கும் தாய் தகப்பனுக்கும் ரத்தம் எடுத்து அனுப்பினோம். கேசிஎன்ஜே11 என்று ஒரே ஒரு ஜீனில் ஓர் எழுத்துப் பிழை. தாயிடமும் இல்லை, தகப்பனிடமும் இல்லை, புதிதாக இவனிடம் நேர்ந்தது. கெடிலக்கரை அம்மா, உங்கள் மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள். யார் வழியிலும் வராமலும் வரும்.

இன்சுலின் சுரக்கும் செல்லில் ஒரு கதவு இருக்கிறதாம். சர்க்கரை ஏறினால் அது மூட வேண்டும், மூடினால்தான் இன்சுலின் வெளியே வரும். இவனுக்கு அது திறந்தே கிடந்தது. அதை மூட வைக்கும் மருந்து கிளிபென்கிளமைடு. பெயரைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் எழுந்துபோய்த் தன் மாத்திரை அட்டையை எடுத்து வந்தார். டாவோனில்! இருபது வருஷமாக அவர் விழுங்கும் அதே மாத்திரை. தாத்தா மாத்திரையைப் பொடித்துத் தாய்ப்பாலில் கரைத்துப் பேரனுக்குக் கொடுத்தோம், ஆஸ்பத்திரியில் சேர்த்து வைத்து, அவர்கள் கண் முன்னால்தான். மூன்றாவது வாரம் இன்சுலின் நின்றது. இங்கிலாந்தில் எக்ஸிட்டர் ஊரைச் சேர்ந்த ஹாட்டர்ஸ்லி குழுவினர் 2004-இல் இதைக் கண்டுபிடித்தார்களாம். அதற்கு முன்பு பிறந்திருந்தால் அதுவரைக்கும் ஊசிதான்.

எல்லாருக்கும் இது பொருந்தாது. ஏழு வயதில் வந்தது இது இல்லை. கைக்குழந்தைக்கு வந்தால் மட்டும் கட்டாயம் கேளுங்கள்.

தேவனாம்பட்டினம்

நானே டைப் 1. ஒன்பது வயதில் வந்தது. 2011 டிசம்பர் 30 தானே புயலில் கரண்ட் போய் இரண்டு வாரம் இல்லை. ஈர மணல் போட்ட மண்சட்டிக்குள் சின்னப் பானையை வைத்து, அதில் இன்சுலினை வைத்துக் காப்பாற்றினார் அம்மா. இன்சுலினை நம்பித்தான் ஓடுகிறது வாழ்க்கை, அதனால் விட்டுவிட முடிந்தால் என்ற ஆசை எனக்குத்தான் அதிகம்.

அந்த ஆசையில் ஏமாந்தேன். பெரிய ஊர் ஒன்றில் ஹோட்டல் ஹாலில் கூட்டம். 'ஸ்டெம் செல்' மூன்று ஊசி, நாலரை லட்சம். உங்கள் இடுப்பு எலும்பிலிருந்தே எடுப்போம், உங்கள் செல் உங்களுக்கே, அதனால் அடக்கும் மாத்திரை எதுவும் வேண்டாம் என்றார்கள். இருபத்தைந்தாயிரம் முன்பணம் கட்டிவிட்டேன். அப்புறம்தான் லாஸ்பேட்டை சாரைக் கேட்டேன். அவர் சொன்ன ஒரு விஷயத்தில் மீதிப் பணம் தப்பியது. அதை அவரே சொல்லட்டும். முன்பணம் இன்றுவரை வரவில்லை.

லாஸ்பேட்டை, ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன்

தம்பி இழுத்துவிட்டதால் சொல்கிறேன். 1984-இல் அமெரிக்காவில் மினசோட்டாவில் சதர்லேண்ட் குழுவினர் வெளியிட்டது. ஒரே அச்சான இரட்டையர்கள். ஒருவருக்கு டைப் 1, இன்னொருவருக்கு இல்லை. நோய் இல்லாதவர் தன் கணையத்தில் ஒரு பகுதியைக் கொடுத்தார். ஜீன் ஒன்றே என்பதால் உடம்பு அந்நியமாக நினைக்காது, அடக்கும் மருந்து வேண்டாம் என்று விட்டார்கள். அந்நியமாக நினைக்கவில்லைதான். ஆனால் சில வாரத்தில் சர்க்கரை திரும்பிவிட்டது. உள்ளே பார்த்தால் மற்ற செல்லெல்லாம் நன்றாக இருக்கிறது, இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்லை மட்டும் தேடிப் பிடித்து அழித்திருக்கிறது. பல வருஷம் கழித்தும் காவல்காரன் பழைய பகையை மறக்கவில்லை.

அதனால்தான் 'சொந்த செல், மாத்திரை வேண்டாம்' என்று எவன் சொன்னாலும் பணத்தை எடுக்காதீர்கள் என்கிறேன். சீனாவில் தியான்ஜின் நகரத்தில் ஒரு பெண்ணுக்கு அவருடைய செல்லிலிருந்தே திட்டு வளர்த்து வயிற்றில் வைத்து ஊசி நின்றது உண்மை, 2024-இல் வெளியானது. ஆனால் அவர் ஏற்கெனவே கல்லீரல் மாற்றியவர், அடக்கும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர். வீடியோவில் இந்த வரி வராது.

அதே இரட்டையர் இன்னொன்றும் சொல்கிறார்கள், பாட்டியம்மாவுக்கு. ஜீன் அச்சு அசலாக ஒன்று, வளர்ந்த வீடும் ஒன்று, ஆனாலும் ஒருவருக்கு வந்தது, மற்றவருக்கு வரவில்லை.

'எலிக்குக் குணமாச்சு' செய்திகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் வேலை பார்த்த இடத்தில் என்ஓடி எலி வளர்த்தோம், தானாகவே டைப் 1 வரும் வெள்ளை எலி, ஜப்பானில் உருவான வகை. பெட்டை எலிகளுக்குத்தான் அதிகம் வரும். வேடிக்கை என்னவென்றால் கூண்டு எவ்வளவு சுத்தமோ அவ்வளவு அதிகமாக வரும், அழுக்குக் கூண்டில் குறையும். அந்த எலியில் நோயைத் தடுத்த மருந்துகள் நூற்றுக்கு மேல். மனிதரில் தேறியவை விரல் விட்டு எண்ணலாம். தேறியதில் ஒன்று டெப்லிசுமாப், 2022 நவம்பரில் அமெரிக்கா அனுமதித்தது. நோயை மாற்றாது, தொடங்குவதைச் சராசரியாக இரண்டு வருஷம்போலத் தள்ளிப்போடும். அப்போது அனுமதித்தது எட்டு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு.

ஸ்வீடனில் உப்சாலாவில் ஜீனைத் திருத்திக் காவல்காரன் கண்ணுக்குப் படாமல் செய்த திட்டுகளை ஒருவரின் முன்கைத் தசையில் வைத்தார்கள், 2025. அடக்கும் மருந்தே கொடுக்கவில்லை, செல் பிழைத்தது. வைத்தது குறைந்த அளவு, அவர் இன்னும் ஊசி போடுகிறார். ஆனாலும், நாற்பது வருஷம் இந்த வேலையைப் பார்த்தவனுக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

மகனைப் பற்றிக் கேட்டீர்கள் அம்மா. கூடப் பிறந்தவர்களுக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்து போல. ரத்தத்தில் ஜிஏடி, ஐஏ-2 போன்ற எதிர்ப்பொருள்கள் (காவல்காரன் கணையத்தைக் குறிவைத்துவிட்டதற்கான அடையாளம்) இருக்கின்றனவா என்று பார்க்கலாம். ஒன்றும் இல்லையென்றால் நிம்மதி, ஆனாலும் கொஞ்ச நாள் கழித்து மறுபடி பார்க்கச் சொல்வார்கள். இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் என்றைக்காவது வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தெரிந்துகொண்டு தூங்க முடியுமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கெடிலக்கரை, திருப்பாதிரிப்புலியூர்

எல்லாருக்கும் நன்றி. லாஸ்பேட்டை சார் எழுதியதை மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். இரட்டையர் கதையை இரண்டு முறை கேட்டார்.

மகனுக்கு ரத்தம் எடுக்கலாமா என்று மூன்று நாள் வீட்டில் பேச்சு. என் வீட்டுக்காரர் வேண்டாம் என்றார், தெரிந்து என்ன செய்யப்போகிறோம் என்று. எனக்கும் பாதி மனசு அப்படித்தான். கடைசியில் மாமியார்தான் எடுத்துவிடு என்றார். "எந்த வழின்னு பார்க்கவா அத்தை?" என்று கேட்டுவிட்டேன், கொஞ்சம் காரமாகவே.

"அதுக்கில்லடி. வந்தாலும் முன்கூட்டியே தெரிஞ்சிருக்கட்டும். மறுபடியும் ஒரு குளுக்கோஸ் பாட்டில் வேண்டாம்" என்றார்.

வியாழக்கிழமை புதுச்சேரி போகிறோம்.