கரைவலை இழுக்கிற நாளில ஒருசந்தி

கேள்வி: திருகோணமலையில கரைவலை இழுக்கிற கத்தோலிக்க ஆக்கள் விபூதிப் புதன், பெரிய வெள்ளி ஒருசந்தியை (சாப்பாட்டைக் குறைக்கிற நோன்பை) எப்படிப் பிடிக்கிறது? வெயிலில தலைசுத்து வருதே.

பதில்: 18 வயதிலயிருந்து 59 முடியுமட்டும் கடமை. ஒரு முழுச்சாப்பாடு, மற்ற இரண்டு நேரமும் கொஞ்சம், சேர்த்தாலும் ஒரு முழுச்சாப்பாடு ஆகக்கூடாது. தண்ணி ஒருசந்தியை முறிக்காது, தாராளமாக் குடியுங்கோ. முழுச்சாப்பாட்டை வேலைக்கு முன்னம் வைக்கலாம்.

பதில்: நோய், கர்ப்பம், கடும் உடலுழைப்பு எண்டால் விலக்கு உண்டு, பங்குத்தந்தையோட கதையுங்கோ. சுத்தபோசனம் (இறைச்சியைத் தவிர்க்கிறது) 14 வயதிலயிருந்து. மீன் சாப்பிடலாம், ஆனா விருந்தாக்க வேண்டாம்.

பதில்: ஒருசந்தியால சாப்பாட்டில மிஞ்சிற காசை, இல்லாதவைக்குக் குடுக்க, அண்டைக்கே உறையில போடுங்கோ, இல்லாட்டி வீட்டுச் செலவில கரைஞ்சிடும். தொழில் இல்லாத வீட்டுக்கு அரிசியாக் குடுங்கோ, எந்தச் சமயம் எண்டு பாராமல்.