பர்மா தாத்தா போட்டோ

கார்த்தி: பெரிய வீட்டுக்கு வெள்ளையடிக்க படமெல்லாம் எறக்குனோம். இது பர்மா தாத்தாவும் பூட்டியும், பின்னாடி அட்டை பூரா செல்லரிச்சுருச்சு

சித்ரா அத்தை: அய்யோ எங்க அப்பத்தா!! தண்டட்டிய பாருங்க தோள தொடுது

பிரியா: ஏன் ரெண்டு பேரும் இப்டி முறைச்சிட்டு இருக்காங்க, சண்டையா 😂

சித்ரா அத்தை: அப்பல்லாம் போட்டோவுக்கு யாருடி சிரிச்சா

கார்த்தி: ஜூம் பண்ணி பாருங்க, தாத்தாவுக்கு மூக்கு நிழல் ஒரு பக்கம் விழுது பூட்டிக்கு இன்னொரு பக்கம். தாத்தா செருப்பு தரையிலயே படல, மெதக்குறாரு

பெரியப்பா: அது ஒட்டுப்படம்டா. தாத்தா ரங்கூன்ல முகல் தெருவுல செட்டியார் கிட்டங்கில சமையலு, மூணு வருசத்துக்கு ஒருக்கா கப்பல்ல வருவாரு. அங்கேருந்து அனுப்புன தனிப்படம் அது, கோட்டு கூட ஸ்டூடியோக்காரன் கோட்டுதான். அப்பத்தாவ காரைக்குடில தனியா எடுத்து, ரெண்டையும் வெட்டி ஒட்டி, சேர்ற எடத்துல பிரஷ்ல தீட்டி அத மறுபடி படம் எடுத்தாங்க

பிரியா: அந்தக் காலத்து போட்டோஷாப்பு!

கார்த்தி: லீவுல வர்றப்ப சேந்து எடுத்திருக்கலாமே

பெரியப்பா: எங்க வர்றது. 1941 டிசம்பர் 23 ரங்கூன்ல ஜப்பான்காரன் குண்டு போட்டான். கப்பல்ல எடம் கெடைக்காம சனம் நடந்தே கெளம்பிருச்சு, ஒரு கூட்டம் அரக்கான் பக்கம் சிட்டகாங்குக்கு, ஒரு கூட்டம் தமு வழியா மணிப்பூருக்கு, காலராவுலயும் பசியிலயும் வழிநெடுக செத்தாங்க. தாத்தாகூட நடந்த ஒருத்தர் மட்டும் ஆடி மாசம் ஊரு வந்து சேந்தாரு. காய்ச்சல்னு ஒரு மரத்தடியில உக்காந்தாராம், நீ போ நான் பின்னாடி வாரேன்னாராம். அம்புட்டுதான் சேதி

பெரியப்பா: ஒட்டுப்படம் செஞ்சது அதுக்கு ரெண்டு வருசம் கழிச்சு

பிரியா: ஆனா பூட்டி பூவும் பொட்டுமா இருக்காங்களே

சித்ரா அத்தை: கடைசி வரைக்கும் அப்படித்தான். ஊரே வந்து சொல்லிப் பாத்துச்சு, பின்னாடி வாரேன்னுதானே சொன்னாருன்னு ஒரே பேச்சு, தாலிய கழட்டல. நான் சின்ன புள்ளையில ஒரு நா அந்த படத்துக்கு கதம்பத்த சுத்திவிட்டுட்டேன், வெளக்குமாறு பிஞ்சு போச்சு 😭 அப்ப எனக்கு ஒண்ணும் வெளங்கல

கார்த்தி: 🙏

கார்த்தி: வெள்ளையடிச்சு முடிஞ்சிருச்சு பெரியப்பா, எங்க மாட்டட்டும்? ஹால்ல டிவிக்கு மேல எடம் இருக்கு

பெரியப்பா: வேணாம். வாசல பாத்தாப்புல இருந்துச்சுல்ல, அங்கயே மாட்டு. ஆணிய மாத்திக்க, துருப்புடிச்சிருக்கும்